கார் ஸ்டார்ட் ஆகவில்லை: பேட்டரியை மாற்றும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

காலையில் சாவியைத் திருப்புகிறோம், கார் கிளம்ப மறுக்கிறது. பக்கத்தில் நிற்கும் யாரைக் கேட்டாலும் "பேட்டரி போயிருக்கும்" என்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் காலையில் அதே இடத்தில் அதே மாதிரி நிற்பவர்களும் நிறைய பேர். அவர்கள் பேட்டரி காலியானது உண்மைதான். அது ஏன் காலியானது என்று யாரும் பார்க்கவில்லை. இன்னும் சிலருக்குப் பேட்டரி நன்றாகவே இருந்திருக்கும். பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையான டெர்மினலில் பூத்த உப்புதான் மின்சாரத்தை மறித்திருக்கும்.

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கையில் கருவி எதுவும் இல்லாவிட்டாலும் முதல் சோதனையைச் செய்துவிடலாம். சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்று கவனித்தாலே போதும். அந்தச் சத்தம் எதைச் சொல்கிறது என்று புரிய, இன்ஜின் எப்படி உயிர் பெறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

## ஸ்டார்ட் ஆகும்போது உள்ளே நடப்பது

பெட்ரோல், டீசல் இன்ஜின்கள் தாமாகச் சுற்றத் தொடங்காது. காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, எரித்தால்தான் அவற்றுக்குச் சக்தி வரும். காற்றை இழுக்கவே இன்ஜின் சுற்ற வேண்டும். அதனால் முதல் சில சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது சுற்றிவிட்டாக வேண்டும். ஒரு காலத்தில் காரின் முன்பக்கம் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை ஒடியும். 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின் அந்த வேலை ஒரு மோட்டாரிடம் போனது. நம் ஊர் மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று சொல்வது அந்த மோட்டாரைத்தான்.

இன்றைய காரில் சங்கிலி இப்படிப் போகிறது:

1. சாவியில் உள்ள சிப்பைக் காரின் கணினி சரிபார்க்கிறது. இந்தப் பூட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். கிளட்ச் மிதித்திருக்கிறதா, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் இருக்கிறதா என்பதும் இங்கேதான் பார்க்கப்படுகிறது.
2. எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன மின்சாரம் ரிலேவுக்குப் போகிறது. ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்துக்குக் கதவு திறக்கும் சுவிட்ச்.
3. ரிலேவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டுக்கு மின்சாரம் வருகிறது. அது ஒரு மின்காந்தம். மோட்டாரின் பல்சக்கரத்தை இன்ஜினின் ஃப்ளைவீல் என்ற பெரிய சக்கரத்தோடு கோத்துவிட்டு, பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளை மோட்டாரோடு இணைக்கிறது.
4. மோட்டார் சுற்றுகிறது. சின்ன பெட்ரோல் காரிலேயே இந்த நேரத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். டீசலுக்கு இன்னும் அதிகம்.
5. இன்ஜின் சுற்றுவதை கிராங்க் சென்சார் கணினிக்குச் சொல்கிறது. கணினி பெட்ரோலைத் தெளித்து, ஸ்பார்க் கொடுக்கிறது. இன்ஜின் ‘பிடிக்கிறது’. அதன்பின் மின்சாரம் தரும் பொறுப்பு, இன்ஜின் சுற்றும் வேகத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருடையது.

முதல் நான்கு படிகளின் வேலை இன்ஜினைச் சுற்றுவது. ஐந்தாவது படியின் வேலை எரிப்பது. செல்ஃப் சுற்றியதா, இல்லையா என்ற ஒரு கேள்வியிலேயே பாதிக் கோளாறுகள் கழிந்துபோவது இதனால்தான்.

## என்ன சத்தம் வந்தது?

1. சத்தமே இல்லை. மின்சாரம் செல்ஃப் வரை போகவில்லை. பேட்டரி அடியோடு காலி, டெர்மினல் கழன்றிருக்கிறது, அல்லது சாவி, கிளட்ச் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.
2. ‘கட கட கட’ என்று வேகமாக அடிக்கிறது. சாலினாய்டுக்கு ஆசை இருக்கிறது, பலம் இல்லை. பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது வரும் வழியில் தடை.
3. ஒரே ஒரு ‘டக்’, அப்புறம் அமைதி. சாலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. செல்ஃபின் உள்ளே கோளாறு, அல்லது இன்ஜினே இறுகியிருக்கிறது.
4. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல், ஸ்பார்க், சென்சார், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் இவற்றில்தான் தேட வேண்டும்.
5. பிடிக்கிறது, இரண்டு நொடியில் அணைகிறது. இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை, அல்லது பெட்ரோல் அழுத்தம் நிற்கவில்லை.

இதோடு இன்னொரு கண் சோதனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவரை முன்னால் நிற்கச் சொல்லிச் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் சுற்றாமல், லைட்டும் துளியும் மங்காமல் எரிந்தால் பெரிய மின்சாரம் எங்கும் ஓடவே இல்லை என்று அர்த்தம். சுவிட்ச் பக்கம் தேடுங்கள். லைட் செத்துப்போய் சிவந்து மங்கினால், பேட்டரி பலவீனமாக இருக்கிறது அல்லது ஏதோ ஒன்று இறுகிப்போய் மின்சாரத்தை விழுங்குகிறது.

## 12 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி அல்ல

வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கார் வைத்திருப்பவர் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது. ஆனால் அது காட்டும் எண்ணைத் தவறாகப் படிப்பவர்கள் அதிகம். "12 வோல்ட் பேட்டரி, மீட்டரும் 12 காட்டுகிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. நிறைந்த நிலையில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறுக்கும் சேர்த்து 12.6. ஓடாமல் சில மணி நேரம் நின்ற காரில் மீட்டர் 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். மேலிருந்து கீழ் வரை மொத்த இடைவெளியே ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்தான் இங்கே செய்தி.

மீட்டர் 10.5 பக்கம் நின்றுவிட்டால் ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம்: 12.6லிருந்து 2.1ஐக் கழித்தால் வருவது அதுதான். அந்தப் பேட்டரியை எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பயனில்லை.

நிற்கும்போது 12.6 காட்டினாலும் பேட்டரி நல்லது என்று முடிவுகட்ட முடியாது. பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும். சுமை வந்தவுடன் உட்கார்ந்துவிடும். ஆகவே செல்ஃப் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி என்றால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஆயுள் முடிகிறது. குறைச் சார்ஜில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பேட்டரியைக் குற்றவாளி ஆக்குவது தப்பு. முழுக்கச் சார்ஜ் போட்டபின்தான் இது செல்லும்.

## ‘கட கட’ சத்தம் ஏன் வருகிறது

சாலினாய்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று பலமாக இழுப்பது, மற்றொன்று இழுத்த இடத்தில் பிடித்துவைப்பது. சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து பல்சக்கரத்தை இழுத்துக் கோத்துவிடுகின்றன. கோத்த அந்தக் கணத்தில் பெரிய மின்சாரத்தின் கதவு திறக்கிறது. பலவீனமான பேட்டரியின் வோல்ட்டேஜ் அந்தச் சுமையில் சரேலென்று விழுகிறது. பிடித்துவைக்கும் சுருளுக்குக்கூட அது போதவில்லை. ஸ்பிரிங் பல்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கதவு மூடியதும் சுமை போகிறது, வோல்ட்டேஜ் மேலே ஏறுகிறது, சாலினாய்டு மறுபடி இழுக்கிறது. இது நொடிக்குப் பல தடவை நடப்பதுதான் நாம் கேட்கும் ‘கட கட’.

வோல்ட்டேஜ் விழுவதற்குப் பேட்டரியே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருக்கும் பொடியைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஈயத்தின், செம்பின் சல்பேட்டு உப்பு. மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அது வைக்கும் தடை வெறும் 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர் போனால் இழப்பு 0.2 வோல்ட். கண்ணுக்கே தெரியாது, லைட் பளிச்சென்று எரியும். செல்ஃபுக்கு 150 ஆம்பியர் போக வேண்டும். அப்போது இழப்பு 3 வோல்ட். செல்ஃப் படுத்துவிடும். "லைட்டெல்லாம் நல்லா எரியுது, செல்ஃப் மட்டும் எடுக்கல" என்ற புகாரில் பேட்டரி நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு நிறைய.

0.02 ஓமை சாதாரண மீட்டரால் நேரடியாக அளக்க முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. மீட்டரை வோல்ட்டேஜில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டிலேயே வையுங்கள். மறு முனையை அந்தத் தண்டைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வையுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள்தானே, பூஜ்யம்தான் காட்டும். இப்போது செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றால் இணைப்பு நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் கோளாறு உங்கள் கண்ணெதிரே, அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கிறது.

எர்த் கேபிளையும் இதே மாதிரி சந்தேகப்பட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் கேபிள் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருக்கும். ஜம்ப்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, பேட்டரி நெகட்டிவையும் இன்ஜினின் வெற்று உலோகத்தையும் நேராக இணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே எடுத்தால் எர்த்தான் காரணம்.

சுத்தம் செய்யும் முறை எளிது. முதலில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை. வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் உப்பு நுரைத்துக் கரையும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புத்தாளால் தண்டையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி மாட்டியபின் மேலே வாஸ்லின் தடவினால் போதும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

## சத்தமே வராதபோது

இங்கே வரிசை முக்கியம். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

1. கிளட்ச்சை முழுக்க மிதித்தீர்களா? கீழே கிடக்கும் மிதியடி சுருண்டு பெடலைத் தடுப்பது அடிக்கடி நடக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் ‘பார்க்’ நிலையில் எடுக்காதது ‘நியூட்ரலில்’ எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்சில் கோளாறு.
2. பட்டன் ஸ்டார்ட் கார்களில் சாவியின் உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் சிஆர்2032 வகை. பல கார்களில் சாவியைப் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்தபடி அழுத்தினால், தீர்ந்த பேட்டரியோடும் ஸ்டார்ட் ஆகிவிடும். எங்கே வைத்துப் பிடிக்க வேண்டும் என்று கார் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.
3. டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு படம் விடாமல் மினுக்கினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. இரண்டாவது சாவியை எடுத்து வாருங்கள்.
4. ஃபியூஸ் பெட்டியில் ஸ்டார்ட்டர் ரிலேவும் ஹாரன் ரிலேவும் பல கார்களில் ஒரே வகை. மேலே ஒரே எண் அச்சிட்டிருந்தால் இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். செல்ஃப் எடுத்து, ஹாரன் அடிக்காமல் போனால் ரிலேதான் குற்றவாளி.

ஒரே ‘டக்’ சத்தத்தோடு நிற்கும் கார்களில் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது சாலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு கருகியிருக்கும். மெக்கானிக்குகள் மரக்கட்டையால் செல்ஃபைத் தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது: தேய்ந்த பிரஷ் அந்த அதிர்ச்சியில் ஒரு தடவை தொட்டுக்கொள்ளும், கார் வீடு வந்து சேரும். அதன்பின் நேரே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விட வேண்டும். பிரஷ், செம்புத் தகடு மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். "செல்ஃப் முழுசா மாத்தணும்" என்று சொன்னால் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

## சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இந்த நிலையில் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்து நல்ல பேட்டரியையும் காலி செய்துவிடுகிறோம். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். நடுவே அரை நிமிடமாவது செல்ஃப் ஆற வேண்டும்.

பெட்ரோல். டாஷ்போர்டின் பெட்ரோல் மீட்டரை நம்பாதீர்கள், டாங்க்கின் மிதவை மாட்டிக்கொண்டால் காலி டாங்க்கும் கால் டாங்க் காட்டும். அடுத்து, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பின் சீட் பக்கம் காதை வையுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இரண்டு மூன்று நொடி ‘ங்ங்’ என்ற மெல்லிய ரீங்காரம் கேட்கும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. வழக்கமாகக் கேட்கும் சத்தம் இன்று கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ஃபியூஸ், ரிலே மூன்றையும் பார்க்க வேண்டும். கார் நன்றாக இருக்கும் நாளிலேயே இந்தச் சத்தத்தைப் பழகி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது 2025இல் நாடெங்கும் வந்தபின் ஸ்டார்ட்டிங் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது தண்ணீரை. எத்தனால் தண்ணீரோடு கலக்கும், பெட்ரோல் கலக்காது. கொஞ்சம் தண்ணீர் டாங்க்கில் சேர்ந்தால் எத்தனால் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் நின்ற கார், மழையில் பெட்ரோல் மூடி சரியாக மூடாத கார், பெட்ரோல் போட்டுச் சில கிலோமீட்டரில் நின்ற கார் இவற்றில் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அசையாமல் வைத்தால் அடுக்குப் பிரிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மற்ற கார்களுக்கு இந்தக் காரணத்தை ஒட்டவைப்பது அவசரம்.

அதிகமாக நனைந்த பிளக். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பார்க்கிங்கில் இரண்டடி நகர்த்தி, உடனே அணைத்துவிட்டால், அடுத்த தடவை எடுக்காமல் போகலாம். குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி பெட்ரோலைத் தாராளமாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும். பல பெட்ரோல் கார்களில் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். பிளக் காய்ந்து இன்ஜின் பிடிக்கும்.

கிராங்க் சென்சார். நன்றாக ஓடிச் சூடான கார் சிக்னலில் நின்றுவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அரைமணி நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்ஷாப்புக்குப் போவதற்குள் சரியாகிவிடுவதால் "ஒண்ணும் இல்லையே சார்" என்று திருப்பி அனுப்புவார்கள். இந்த மாதிரிக் கதையில் முதல் சந்தேகம் இந்த சென்சார்தான். சூட்டில் அதன் உள்சுருள் விரிந்து தொடர்பு அறுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. சென்சார் சொல்லாவிட்டால் இன்ஜின் சுற்றுவதே கணினிக்குத் தெரியாது. பெட்ரோலும் வராது, ஸ்பார்க்கும் வராது. பல கார்களில் செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசையும். அது பூஜ்யத்திலேயே படுத்திருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. காரின் கணினி பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0335 என்ற கோடு வரலாம். ஆனால் அந்தக் கோடு சென்சாரின் சுற்று சரியில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. எலி கடித்த ஒயரும் அதே கோடைத்தான் தரும். கோடைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றுவது பேட்டரியைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதைப் போன்றதே.

டைமிங் பெல்ட். பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பட்டை இது. சாதாரணமாகச் செல்ஃப் சுற்றும்போது ஒரு தாளம் இருக்கும், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது வேகம் கொஞ்சம் தணிந்து எழும். தாளமே இல்லாமல் ‘விர்ர்’ என்று தையல் மெஷின் போல லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்து அழுத்தம் போயிருக்கலாம். மேலும் செல்ஃப் அடிக்கக் கூடாது. பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும்.

டீசல் கார்களில் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கும், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கும். டாங்க் காலியாகும்வரை ஓட்டினால் காற்று புகுவது கட்டாயம். கையால் அழுத்தும் பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அழுத்த வேண்டும். குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போனால் சமவெளியில் பெரிதாகத் தெரியாது, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காலையில் தெரியும்.

## புது பேட்டரியும் ஏன் காலியாகிறது

மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும்.

1. சார்ஜ் ஆகவில்லை. இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். ஓடும்போதும் 12.4லேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை. புதிய சில கார்களில் கணினியே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் என்பதால், லைட், ஏசி எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளப்பது நல்லது.
2. நிற்கும்போது கசிகிறது. கணினியும் அலாரமும் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொதுவாக ஏற்கத்தக்கது. அது நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. சின்னக் கார்களில் வரும் 35 ஆம்பியர் மணி பேட்டரி இதனால் இரண்டு வாரத்தில் பாதியாகும். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்றே நாளுக்கு 10 ஆம்பியர் மணி தின்றுவிடும். வெள்ளிக்கிழமை நிறுத்திய கார் திங்கள்கிழமை எடுக்காது. வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவிகளை முதலில் சந்தேகப்படுங்கள். காரைப் பூட்டி அரைமணி விட்டபின், நெகட்டிவ் டெர்மினலில் அம்மீட்டரைக் கோத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில் கசிவு. மீட்டர் கோத்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.
3. வெயில். குளிர்நாடுகளில் பேட்டரி பனியில் கைவிடும் என்பார்கள். அதன் ஆயுளைத் தின்பது சூடுதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பேட்டரித் துறையின் கைக்கணக்கு. மே மாத வெயிலில், சூடான இன்ஜினின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் நிலையை நினைத்துப் பாருங்கள். மூடி திறக்கும் வகை என்றால் வெயில் காலத்தில் டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்க்காமல் விடக் கூடாது.

## ஜம்ப் ஸ்டார்ட், தள்ளி ஸ்டார்ட்

ஜம்ப்பர் கேபிளில் வரிசை இப்படி: சிவப்பு முதலில் காலியான பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை ஸ்டார்ட் ஆகாத காரின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி முனையில்தான் தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். அதனால்தான் அந்த விலகல். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் அதுவும் நடக்காது, ஏனென்றால் கணினிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் லைட்டே வராத காரை நாலு பேர் தெருக்கோடி வரை தள்ளுவது வீண் உழைப்பு.

## வெள்ளத்தில் நின்ற கார்

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். தண்ணீரில் நின்ற காருக்கு மட்டும் அது பொருந்தாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மூழ்கிய கார்களில், வெள்ளம் செய்ததைவிட வடிந்தபின் திருப்பிய சாவி அதிகக் கேடு செய்த கார்கள் உண்டு.

காரணம் எளிய கணக்கு. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் அளவு 300 மில்லி. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. அரை டம்ளர் காபிகூட இல்லை. காற்று அந்த இடத்துக்குள் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. அதைவிட அதிகமாகத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் பாதி வழியில் சுவரில் மோதியது போல நிற்கும். மற்ற சிலிண்டர்கள் எரிந்து தள்ளினால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டான கனெக்டிங் ராட் வளையும், சில நேரம் முறிந்து பிளாக்கையே உடைக்கும்.

சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இடம் உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், அதைத் தொடர் சேதம் என்று சொல்லிப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் கூடுதல் பாதுகாப்பு இருந்தால்தான் பணம் கிடைக்கும், அதிலும் நிபந்தனைகள் உண்டு. மழைக்காலம் வரும் முன் பாலிசியை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்று சேற்றுக்கோட்டோடு போட்டோ எடுங்கள். காப்பீட்டுக்கு அதுவே சாட்சி.
2. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. சக்கரம் சுற்றினாலும் பிஸ்டன் சுற்றத்தான் செய்யும். கியரை நியூட்ரலில் வைத்து இழுத்துச் செல்லலாம். ஆட்டோமேட்டிக் கார்களை மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.
3. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
4. ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் கலந்த காபி போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.
5. மெக்கானிக் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் ஸ்பார்க் தரும் காயிலின் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, இன்ஜினை முதலில் ஸ்பேனரால் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார். தடையில்லாமல் சுற்றினால் அப்புறம்தான் செல்ஃப். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியே பீய்ச்சி அடிக்கும். ராட் வளையாமல் தப்பியது. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றி, புதுப் பிளக் போட்டு, அதன்பின் சாவியைத் திருப்பலாம்.